ஒரு சொல்லை மாற்றினேன், அலாரம் அடிக்கவில்லை

சில வருடங்களுக்கு முன், அப்போது வேலை செய்த இடத்துக்காக ஒரு லொக் வரியைத் திருத்தினேன். லொக் என்றால் தெரியும்தானே? கணினி தனக்கு நடப்பதை வரி வரியாக எழுதி வைக்கும் பதிவு. ‘ஃபெயில்ட் டிஸ்க்’ என்று இருந்ததை ‘டிஸ்க் ஃபெயிலியர்’ என்று மாற்றினேன். வெள்ளிக்கிழமை பின்னேரம், ரொக்ஸ்பரோ வீட்டில் இருந்தபடி இரண்டு நிமிட வேலை. சோதித்துப் பார்க்கவில்லை. ஏன் மாற்றினேன் என்றும் எழுதவில்லை. சொற்கள்தானே என்று நினைத்தேன்.

பழைய சொற்களைத் தேடியபடி இன்னொரு குழுவின் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அந்தச் சொற்கள் வராததால் அலாரமும் வரவில்லை. டிஸ்க் பழுதானதை மூன்று நாள் கழித்து ஒரு வாடிக்கையாளர்தான் சொன்னார்.

லினக்ஸ் கேர்னலிலும் இதே சிக்கல் உண்டு. கேர்னல் தன் செய்திகளை ‘பிரிண்ட்கே’ வழியாக எழுதுகிறது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 7 வரை ஒரு நிலை இருக்கும். 0 என்றால் கணினியே இயங்க முடியாத நிலை, 7 என்றால் பிழை தேடுபவருக்கான சிறு குறிப்பு. இந்தச் செய்திகளின் சொற்கள் மாறாது என்று கேர்னல் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. ஆனால் பெரிய நிறுவனங்கள் அந்தச் சொற்களை நம்பித்தான் சேர்வர்களைக் கண்காணிக்கின்றன. அதனால்தான் ஃபேஸ்புக்கில் வேலை செய்த கிறிஸ் டவுன் எழுதிய ‘பிரிண்ட்கே இன்டெக்ஸ்’ 2021இல், 5.15 பதிப்பில் சேர்க்கப்பட்டது. கேர்னல் எழுதக்கூடிய செய்திகளின் பட்டியலை அது தருகிறது. பழைய பட்டியலையும் புதியதையும் ஒப்பிட்டால், எந்த வரி மாறியது என்று முன்கூட்டியே தெரிந்துவிடும்.

லொக் எழுதும் கோட் மற்றக் கோட் போன்றதல்ல. எல்லாம் விழுந்தபிறகும் அது வேலை செய்யவேண்டும். அது பிழைத்தால், என்ன நடந்தது என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. 2020 டிசம்பரில் வந்த 5.10 பதிப்பில், ஜோன் ஓக்னஸ் செய்திகளைச் சேர்த்து வைக்கும் இடத்தையே பூட்டுகள் இல்லாதபடி புதிதாக எழுதினார். அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். நினைவக வரிசையைக் காக்கும் ஒவ்வொரு தடுப்புக்கும் ஒரு பெயர் இருக்கிறது. எது எதற்குச் சோடி என்றும் எழுதியிருக்கிறது.

‘நல்ல கோட்டுக்கு விளக்கம் தேவையில்லை’ என்று இளம் புரோகிராமர்கள் பலர் சொல்வார்கள். நானும் சொன்னேன். கோட் என்ன செய்கிறது என்பதைக் காட்டும். ஏன் என்பதைக் காட்டாது. எங்கள் வீடுகளில் கறித்தூளுக்கு அளவு எழுதி வைப்பதில்லை. அம்மா பக்கத்தில் நிற்பதால் அது சரிவருகிறது. ஐந்து வருடம் கழித்து உங்கள் கோட்டை வாசிப்பவருக்குப் பக்கத்தில் நீங்கள் நிற்கமாட்டீர்கள்.

ஒரு வரிக்கு இவ்வளவு வேலையா என்று கேட்கலாம். உண்மையில் அரை மணித்தியாலம்தான். பழைய சொற்களை வேறு யாராவது பயன்படுத்துகிறார்களா என்று தேடுங்கள். மெய்நிகர் கணினி ஒன்றில் அந்தப் பிழையை வேண்டுமென்றே வரவழையுங்கள். மாற்றத்துக்கு முன்னும் பின்னும் வந்த வரிகளை விளக்கத்தில் ஒட்டி, காரணத்தையும் எழுதுங்கள். கேர்னலுக்கு அனுப்பும் மாற்றத்தின் கீழ் அனுப்புபவர் தன் பெயரை எழுதவேண்டும். சோதித்தவரின் பெயருக்கும் அங்கே தனி வரி உண்டு. அது பெருமையான வரி.

இவையெல்லாம் எங்கோ தூரத்தில் நடப்பவை என்றும் நினைக்காதீர்கள். கேர்னலுக்குள் நடப்பதைப் பதிவுசெய்ய உதவும் ‘டிரேஸ்பொயின்ட்’ 2008இல் சேர்ந்தது. அதை எழுதிய மத்தியூ டெனோயே அப்போது எங்கள் மொன்றியல் பொலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தார்.

அடுத்தமுறை ஒரு லொக் வரியைத் தொடமுன், அதை நடுச்சாமத்தில் வாசிக்கப்போகும் ஆளை ஒருக்கா நினையுங்கள். நான் அன்று நினைக்கவில்லை.