ரெம்டெசிவிருக்கு கால் கடுக்க க்யூ... உயிரைக் காத்ததோ மலிவு மருந்து!

சென்னை: 2021 மே மாதம். கொரோனா 2-வது அலை உச்சத்தில் இருந்த நேரம். ரெம்டெசிவிர் ஊசி வாங்க கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியில் ஜனங்கள் கால் கடுக்க நின்றார்கள். கூட்டம் தாங்காமல் விற்பனை நேரு ஸ்டேடியத்துக்கு மாறியது. கள்ள மார்க்கெட்டில் பல மடங்கு விலை. நகையை அடகு வைத்தாவது வாங்கிடணும்னு அலைந்தவர்கள் ஏராளம்.

அந்த ஊசி இல்லாவிட்டால் உயிர் போயிடுமா? அப்படி எந்த ஆய்வும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி நோயாளிகளுக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று 2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது. சிலருக்கு ஓரளவு பலன் உண்டு என்று மாற்றிச் சொன்னது 2022-ல்தான்.

நுரையீரலில் நடப்பது என்ன?

வைரஸ் தாக்கி ஒரு வாரம் ஆனதும் சிலருக்கு உடம்பின் எதிர்ப்பு சக்தியே எல்லை மீறிப் போகிறது. நுரையீரல் வீங்கி, காற்றறைகளில் நீர் கோத்துக்கொள்கிறது. மூச்சு திணறுகிறது. அப்போது முதல் மருந்து ஆக்சிஜன். அடுத்து, வீக்கத்தை அடக்கும் ஸ்டீராய்டு.

அதுதான் டெக்சாமெத்தசோன். பல வருஷமாகப் புழக்கத்தில் உள்ள மலிவு மருந்து. இங்கிலாந்தின் 'ரெக்கவரி' ஆய்வு முடிவு 2020 ஜூனில் வந்தது. தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் வைத்தவர்களில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது.

அதே மருந்து ஆபத்தானது எப்படி?

ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு இதனால் பலன் இல்லை என்று அதே ஆய்வு சொன்னது. அதை யார் கேட்டார்கள்? லேசான ஜுரத்துக்கே பலர் ஸ்டீராய்டு விழுங்கினார்கள். அளவும் தெரியாது, நாளும் தெரியாது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும். ஏற்கனவே சர்க்கரை உள்ளவர்களுக்கு இது இரட்டை அடி.

விளைவு, கறுப்பு பூஞ்சை. மூக்கில் தொடங்கி கண், மூளை வரை பரவியது. 2021 மே மாதம், அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக தமிழக அரசு அறிவித்தது. ஆம்போடெரிசின் ஊசிக்கும் தட்டுப்பாடு. உயிரைக் காப்பாற்ற சிலருக்குக் கண்ணையே எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது என்ன செய்யணும்?

ஃப்ளூ காய்ச்சல் வருஷா வருஷம் வருகிறது. மெடிக்கல் ஷாப்பில் "ரெண்டு மாத்திரை குடுங்க"ன்னு கேட்டு வாங்குவதும் நிற்கவில்லை. அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கான்னு கேளுங்கள். டாக்டர் சீட்டு இல்லாமல் அதைத் தொடாதீங்க. டாக்டரே நீண்ட நாளாகக் கொடுத்துவருவதை நீங்களாக நிறுத்தவும் கூடாது. மூச்சு வாங்கினாலோ, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனாலோ வீட்டில் காத்திருக்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரிக்கு உடனே கிளம்புங்கள்.