மே 18 இல் ரொக்கெட் பார்க்கப் போனோம்

"இண்டைக்குத்தான் போகோணுமோ?"

படத்தைப் போட்டதும் வந்த முதல் கேள்வி இது. பிறகு வந்தவை இன்னும் சூடு. ஊரே கஞ்சி காய்ச்சுகிற நாளில் கடற்கரையில் நின்று புதினம் பார்த்தோமாம். சரி, பதில் சொல்கிறோம்.

2025 மே 18, ஞாயிறு. எங்களில் நாலு பேர் அப்போது சென்னையில் நின்றோம். விடியுமுன்னமே வான் பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போனோம். ஏரிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள மீனவ ஊர் அது. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் அங்கிருந்து வடக்கே முப்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. காலை 5.59க்கு பி.எஸ்.எல்.வி. சி-61 கிளம்பியது. முதலில் வெளிச்சம் மட்டும்தான் தெரிந்தது. அவ்வளவு தூரத்துக்குச் சத்தம் வந்துசேர ஒன்றரை நிமிடத்துக்கு மேல் வேண்டும்.

எங்களில் இரண்டு பேர் சின்ன வயதில் பங்கருக்குள் இருந்து எண்ணிப் பழகினவர்கள். செல் குத்துகிற சத்தம் கேட்டால், விழுகிறவரை எண்ணுவது. அன்றைக்கும் வாய் தானாக எண்ணத் தொடங்கியது. சத்தம் வந்து நெஞ்சில் அதிர்ந்தபோது ஒருத்தி மணலில் குந்திவிட்டாள். புதினம் பார்த்தோம் என்று சொன்னவர்கள் இதையும் கேட்டுக்கொள்ளட்டும். "யூரியூப்பில் பார்த்திருக்கலாமே" என்கிறவர்களும்தான். யூரியூப்பில் அந்த ஒன்றரை நிமிடம் கிடையாது.

இனி விஷயத்துக்கு வருவோம். துருவப் பாதைக்குப் போகும் ரொக்கெட் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நேரே தெற்கே போனால் இலங்கைக்கு மேலால்தான் போகவேண்டும். கழன்று விழும் பாகங்கள் சனத்தின் மேல் விழக்கூடாது. அதனால் முதலில் தென்கிழக்கே கடலுக்கு மேலால் அனுப்பி, பிறகுதான் தெற்கே திருப்புகிறார்கள். அதற்கு எரிபொருள் செலவாகும், ஏற்றக்கூடிய சுமையும் குறையும். சின்ன ரொக்கெட்டுகளுக்கு அது கட்டாது என்றுதான் குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளம் கட்டுகிறார்கள். 2024 பெப்ரவரி 28 இல் அடிக்கல் நாட்டினார்கள்.

ஆக, கீழே சனம் இருக்கிறது என்று தெரிந்தால், நட்டப்பட்டாவது நெருப்பைத் திருப்பிவிட ஏலும். மனம் இருந்தால் கணக்குத் தானாக வரும். எங்கள் சனம் இருந்த இடம் தெரியாமலா 2009 இல் விழுந்தது? தெரியும். தலைக்கு மேல் இரைந்துகொண்டிருந்த ஆளில்லா விமானத்துக்கு வண்டு என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள். ஐ.நா.வின் செய்மதிப் படப் பிரிவான யுனோசாட், 2009 ஏப்ரலிலேயே பாதுகாப்பு வலயத்தின் படங்களை ஆராய்ந்தது. செல் விழுந்த குழிகள் அவற்றில் தெரிந்தன. பார்த்தார்கள். ஆனால் நிற்பாட்டவில்லை.

அன்றைய ரொக்கெட் கொண்டுபோனதும் ஒரு கண்தான். ஈ.ஓ.எஸ்-09 என்ற ராடர் செய்மதி, இருட்டிலும் முகிலுக்கு மேலாலும் நிலத்தைப் படமெடுக்கக்கூடியது. "இனிமே ஒருத்தனும் தப்ப முடியாது" என்று பக்கத்தில் நின்ற அண்ணன் ஒருவர் பெருமையோடு சொன்னார். எங்களுக்குக் கை தட்ட வரவில்லை. மேலிருந்து பார்க்கப்பட்ட சனம் நாங்கள்.

அதற்காக வானத்தைப் பார்க்காமல் இருக்கவேண்டுமா? மாட்டோம். கண் இருப்பதல்ல பிழை, அது யாருடைய கையில் இருக்கிறது என்பதுதான் பிரச்சினை. ஐரோப்பாவின் சென்டினல் செய்மதிகள் எடுக்கும் படங்களை இன்றைக்கு எவரும் காசில்லாமல் இறக்கிப் பார்க்கலாம். காடு அழிவதை, கடல் அரிப்பதை, காணியில் புதுக் கட்டடம் எழும்புவதைத் திகதியோடு காட்டலாம். எங்கள் எத்தனை சனசமூக நிலையத்தில், எத்தனை பள்ளிக்கூடத்தில் இதைப் பழக்குகிறோம்? வருசத்தில் ஒருநாள் அழுதுவிட்டு, சாட்சியை மற்றவன் கையில் விட்டுவிட்டு இருப்பதற்குப் பெயர் நினைவேந்தலா?

அந்த ரொக்கெட் தோற்றதும் தெரியும்தானே. மூன்றாம் கட்டத்தில் அழுத்தம் குறைந்து, செய்மதி பாதைக்குப் போய்ச் சேரவில்லை. கை தட்டின சனம் அதற்குள் கலைந்துவிட்டது. நாங்கள் வானுக்குள் இருந்துதான் அறிந்தோம்.

பின்னேரம் அறையில் கஞ்சி காய்ச்சினோம், விளக்கேற்றினோம். இரண்டையும் ஒரே நாளில் செய்ததற்கு எவரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.