சமுதாயக் கல்லூரி வகுப்பறை விதிகளை முதல் நாளிலேயே எழுத்தில் தர வேண்டி: கோரிக்கை மனு

அனுப்புநர்:
மட்டாஞ்சேரி, ஃபோர்ட் கொச்சி, கலூர் வட்டாரத் தமிழ் மாணவர், பெற்றோர் சங்கம்,
கலூர், கொச்சி – 682 017.

பெறுநர்:
1. முதன்மைச் செயலாளர், உயர்கல்வித் துறை, கேரள அரசு, தலைமைச் செயலகம், திருவனந்தபுரம்.
2. இயக்குநர், கல்லூரிக் கல்வித் துறை, திருவனந்தபுரம்.
3. செயலாளர், பல்கலைக்கழக மானியக் குழு, புது தில்லி.

நகல்: மாவட்ட ஆட்சியர், எர்ணாகுளம் மாவட்டம், காக்கநாடு.

பொருள்: சமுதாயக் கல்லூரிகளிலும் அவற்றையொத்த சான்றிதழ், டிப்ளமா படிப்புகளிலும் வருகைப் பதிவு, மதிப்பீடு, வகுப்பறை ஒழுங்கு, குறைதீர்ப்பு ஆகியவை பற்றிய விதிகளை எழுத்து வடிவில் முன்கூட்டியே வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

கேரளத்தில் தமிழர் மொழிச் சிறுபான்மையினர். குறைகளை முறையிடும் எவரும் நாட்டில் அல்லது மாநிலத்தில் வழங்கும் எந்த மொழியிலும் மனு அளிக்கலாம் என்று அரசமைப்புச் சட்டத்தின் 350ஆம் பிரிவு கூறுகிறது. கேரள ஆட்சிமொழிச் சட்டம், 1969, தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைவர்களுக்கும் தமிழில் எழுதவும் தமிழிலேயே மறுமொழி பெறவும் எங்களுக்கு உரிமை அளித்துள்ளது. அந்த உரிமையின்படி இம்மனுவைத் தமிழில் சமர்ப்பிக்கிறோம்.

எங்கள் சங்கத்துக் குடும்பங்களில் பல, தலைமுறைகளாகக் கொச்சியில் வாழ்பவை. ஃபோர்ட் கொச்சியின் ‘வெளி’ என்னும் பகுதியிலுள்ள டோபி கானாவில் துணி வெளுப்போரும், மட்டாஞ்சேரி மசாலாக் கிடங்குகளில் மூட்டை சுமப்போரும், கலூர்ப் பகுதிக் கடைகளிலும் உணவகங்களிலும் வேலை செய்வோரும் எங்களில் உண்டு. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்குப் போகிறவர்கள். கல்லூரி எப்படி நடக்கும் என்று சொல்லித்தர வீட்டில் அண்ணனோ அக்காவோ இல்லாதவர்கள்.

இத்தகையோருக்காகவே சமுதாயக் கல்லூரிகள் தோன்றின. 1995இல் புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1996இல் சென்னை–மயிலை உயர்மறைமாவட்டமும் தொடங்கிய கல்லூரிகள் இந்தியாவில் இதற்கு வழிகாட்டின. பட்டப் படிப்புக்கு வசதியில்லாதவரையும், இடையில் படிப்பை விட்டவரையும் அழைத்து வந்து, வாழ்க்கைத் திறனும் தொழில் திறனும் தந்து வேலைக்கு அனுப்புவதே நோக்கம். பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் பல்கலைக்கழக மானியக் குழு இதனை நாடு தழுவிய திட்டமாக்கியது. கலூரிலேயே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் கொச்சி மண்டல மையம் இயங்குகிறது. அதனால் வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்களை இந்த ஊர் நன்கு அறியும்.

சேர்க்கைக் கதவு அகலமாகத் திறந்திருக்கிறது. உள்ளே போன பிறகுதான் எங்கள் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ஹால் டிக்கெட் வாங்கப் போகிற நாளில்தான் தன் வருகைப் பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இருப்பது ஒரு மாணவிக்குத் தெரிகிறது. அசைன்மென்டை ஒரு நாள் தாமதமாகக் கொடுத்தால் ஓர் ஆசிரியர் வாங்கிக்கொள்கிறார். அதே கல்லூரியில் இன்னொருவர் பூஜ்யம் போடுகிறார். இன்டர்னல் மதிப்பெண் எப்படி வந்தது என்று கேட்கத் தயங்கியே ஒரு பருவம் கழிந்துவிடுகிறது. எந்த ஒரு கல்லூரியையும் குறைகூறுவது எங்கள் எண்ணமன்று. விதிகள் வாய்ச்சொல்லாக இருக்கும் இடத்தில், அவற்றை விசாரித்து அறிய ஆள் உள்ள வீட்டுப் பிள்ளை தப்பித்துக்கொள்கிறது. இல்லாத வீட்டுப் பிள்ளை தோற்றுப்போகிறது. இந்த வேறுபாட்டைக் களையுமாறே வேண்டுகிறோம்.

விதிகளைத் தளர்த்துங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கண்டிப்பு இருக்கட்டும். அது முதல் நாளிலேயே எழுத்தில் இருக்கட்டும். ஆசிரியர், மாணவர் இருதரப்பையும் கட்டுப்படுத்தட்டும். இந்த அடிப்படையில் பின்வரும் கோரிக்கைகளைத் தங்கள் மேலான பரிசீலனைக்கு வைக்கிறோம்.

கோரிக்கை 1: ஒவ்வொரு தாளுக்கும் பாட விளக்கத் தாள்

பருவத்தின் முதல் வகுப்பிலேயே, தாள்தோறும் இரண்டு பக்கத்துக்கு மிகாத பாட விளக்கம் தரப்பட வேண்டும். வாரவாரியான பாடம், தேவையான நூல், தேர்வு நாள்கள், அசைன்மென்ட் கெடு, மதிப்பெண் பங்கீடு, வருகை விதி, ஆசிரியரைத் தனியே சந்திக்கும் நேரம் ஆகியவை அதில் இருக்க வேண்டும். நடுவில் மாற்றம் தேவைப்பட்டால் இரு வாரம் முன்னதாக எழுத்தில் அறிவிக்க வேண்டும். சேர்க்கை தொடங்குவதற்குக் குறைந்தது 60 நாள்களுக்கு முன் விளக்கக் குறிப்பேட்டை வெளியிட வேண்டும் என்று மானியக் குழுவின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு ஒழுங்குமுறைகள் ஏற்கெனவே கூறுகின்றன. அந்த வெளிப்படைத்தன்மை வகுப்பறை வரை வர வேண்டும் என்பதே எங்கள் வேண்டுகோள்.

கோரிக்கை 2: வருகைப் பதிவு மாதந்தோறும் தெரிய வேண்டும்

மானியக் குழுவின் நெறிமுறைப்படி ஒரு கிரெடிட் என்பது 60 நிமிடம் கொண்ட 15 வகுப்புகள். ஓராண்டு டிப்ளமாவுக்கு 60 கிரெடிட், அதாவது 900 மணி நேரம். அதில் 60 விழுக்காடு தொழில் திறனுக்கும் 40 விழுக்காடு பொதுக் கல்விக்கும் உரியவை. களப்பயிற்சிக்கு மணிக்கணக்கில் பாதி மதிப்பே உண்டு. அதாவது அங்கு ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் உழைக்க வேண்டும். பயிற்சிக்குப் போன நாளை வகுப்பறை வருகையில் எப்படிச் சேர்ப்பது என்பது பல மாணவர்களுக்கு விளங்குவதில்லை. எனவே:

அ) தாள்வாரியான வருகை விழுக்காடு ஒவ்வொரு மாதமும் முதல் வாரத்தில் அறிவிப்புப் பலகையிலும் கைபேசிச் செய்தியிலும் தெரிவிக்கப்பட வேண்டும்.

ஆ) வருகை 80 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியவுடன் மாணவரை அழைத்துப் பேசி, ஈடுசெய்யும் வழியைச் சொல்ல வேண்டும்.

இ) தொழிற்கூட, நிறுவனப் பயிற்சி நாள்களைக் கணக்கிடும் முறை எழுத்தில் இருக்க வேண்டும்.

ஈ) வருகைக் குறைவைப் பொறுத்தருளும் கண்டோனேஷன் யாருக்கு, எந்தச் சான்றின்பேரில், எவ்வளவு என்பது முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும்.

கோரிக்கை 3: மாணவியருக்கான தளர்வு இங்கும் வேண்டும்

2023 ஜனவரியில் கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், மாதவிடாயை முன்னிட்டு மாணவியருக்கு ஒவ்வொரு பருவத்திலும் 2 விழுக்காடு கூடுதல் வருகைத் தளர்வு அளித்தது. கேரள அரசு அதனை உயர்கல்வித் துறைக்குட்பட்ட பல்கலைக்கழகங்கள் அனைத்துக்கும் விரிவாக்கியது. 75 விழுக்காடு வேண்டிய இடத்தில் மாணவியருக்கு 73 போதும் என்றானது. 18 வயது நிறைந்த மாணவியருக்கு 60 நாள் வரை மகப்பேறு விடுப்பும் வந்தது. நாட்டுக்கே முன்னோடியான இந்த ஆணை நம் ஊர்ப் பல்கலைக்கழகம் எடுத்த முடிவிலிருந்து பிறந்தது என்பதில் எங்களுக்குப் பெருமை உண்டு. சான்றிதழ், டிப்ளமா படிப்பு மாணவியருக்கும் இது பொருந்தும் என்று தெளிவுபடுத்தும் சுற்றறிக்கை வேண்டும். திருமணத்துக்குப் பிறகு படிக்க வருவோர் இப்படிப்புகளில் இருக்கிறார்கள்; மகப்பேறு விடுப்பு அவர்களுக்கு இன்றியமையாதது.

கோரிக்கை 4: தாமதத்துக்கும் கெடுவுக்கும் ஒரே விதி

மட்டாஞ்சேரியிலிருந்து தோப்பும்படி வழியாகப் பேருந்தில் நகருக்குள் வரும் பிள்ளை, பருவமழை நாள்களில் எவ்வளவு முன்னதாகக் கிளம்பினாலும் சில நேரம் தாமதிக்க நேர்கிறது. விடியற்காலையில் கடையிலோ சலவைத் துறையிலோ வேலை முடித்து வருவோரும் உண்டு. முதல் வகுப்பில் 10 நிமிடம் வரை அனுமதி, அதற்குமேல் அரை வருகை என்பதுபோல் ஒரே விதியை எல்லா ஆசிரியரும் கடைப்பிடிக்க வேண்டும். அசைன்மென்ட் தாமதத்துக்கு நாளொன்றுக்கு எத்தனை மதிப்பெண் குறையும், எத்தனை நாளுக்குமேல் ஏற்கப்படாது என்பதும் கல்லூரி முழுமைக்கும் ஒன்றாக இருக்க வேண்டும்.

கோரிக்கை 5: மதிப்பெண்ணும் அதன் காரணமும்

பொதுக் கல்விப் பகுதியைப் பல்கலைக்கழகமும் திறன் பகுதியைத் துறைசார் திறன் குழுக்களும் மதிப்பிடும் ஏற்பாடு உள்ளது. இரண்டின் அளவுகோல்களும் பருவத் தொடக்கத்திலேயே மாணவர் கையில் இருக்க வேண்டும். திருத்திய தாள்களை இரு வாரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். எங்கே குறை, எப்படித் திருத்துவது என்று ஓரிரு வரியாவது எழுதித் தர வேண்டும். திறந்தநிலைப் பல்கலைக்கழக முறையில் ஒப்படைப்புகளில் ஆசிரியர் குறிப்புரை எழுதுவது கற்பித்தலின் ஒரு பகுதியாகவே கருதப்படுகிறது. நேரடி வகுப்பில் அது இன்னும் எளிது. இன்டர்னல் மதிப்பெண் பல்கலைக்கழகத்துக்குப் போகும் முன் மாணவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும்.

கோரிக்கை 6: நேர்மை, நகலெடுத்தல், கைபேசி

மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு கல்வி நேர்மை ஒழுங்குமுறைகள் ஆய்வேடுகளில் 10, 40, 60 விழுக்காடு என்று ஒப்புமையின் எல்லைகளை வகுத்துள்ளன. முதல் பருவ மாணவரின் மூன்று பக்க அசைன்மென்டை அந்தத் தராசில் அப்படியே நிறுத்த முடியாது. எது மேற்கோள், எது நகல், செயற்கை நுண்ணறிவுச் செயலிகளை எதற்குப் பயன்படுத்தலாம் என்று முதல் மாதத்திலேயே ஒரு வகுப்பு நடத்த வேண்டும். முதல் தவறுக்குத் திருத்தி எழுதும் வாய்ப்பும், அறிந்தே மீண்டும் செய்தால் தண்டனையும் இருக்கட்டும்.

இணையத்தை அணுகும் உரிமை கல்வி உரிமையோடும் தனியுரிமையோடும் இணைந்தது என்று 2019 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வகுப்பு நடக்கும்போது கைபேசியை அமைதியாக வைத்திருக்க வேண்டும் என்ற விதியை நாங்கள் முழுமனத்தோடு ஏற்கிறோம். கைபேசியைப் பறித்து நாள்கணக்கில் வைத்திருப்பது தவிர்க்கப்பட வேண்டும். பலருக்கு அதுவே பாடநூல். வேலைக்கு அழைப்பு வருவதும் அதில்தான்.

கோரிக்கை 7: மொழி

பாடமொழி ஆங்கிலமாக இருந்தாலும் மாணவர் தம் மொழியில் தேர்வெழுத அனுமதிக்குமாறு 2023 ஏப்ரலில் மானியக் குழு பல்கலைக்கழகங்களைக் கேட்டுக்கொண்டது. தமிழ் மாணவர் உள்ள கல்லூரிகளில் இவ்விதிகளைக் கொண்ட விதித் தாளும் குறைதீர்ப்பு அறிவிப்பும் மலையாளம், ஆங்கிலத்தோடு தமிழிலும் கிடைக்க வேண்டும். மலையாளத்தை எங்கள் பிள்ளைகள் விரும்பிப் படிக்கிறார்கள். படிப்பைத் தீர்மானிக்கும் விதியை மட்டுமாவது வீட்டில் அம்மாவும் அப்பாவும் படித்துப் புரிந்துகொள்ள வழி செய்ய வேண்டும்.

கோரிக்கை 8: மாற்றுத்திறனாளி மாணவர்

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காட்டுக்குக் குறையாத இட ஒதுக்கீட்டை உறுதி செய்கிறது. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும், தேவைப்படுவோருக்கு உதவி எழுத்தரும் தர மத்திய அரசின் வழிகாட்டுதல் உண்டு. வகுப்புத் தேர்வுக்கும் தொழிற்கூடச் சோதனைக்கும் இவை பொருந்த வேண்டும். மாணவர் ஒருமுறை சான்று அளித்தால் எல்லா ஆசிரியருக்கும் அலுவலகமே தெரிவிக்க வேண்டும். ஒவ்வொருவரிடமும் போய்த் தன் குறையை விளக்கும் நிலை கூடாது.

கோரிக்கை 9: குறைதீர்ப்புக் குழு

மேலே சொன்ன மானியக் குழுவின் 2023 ஒழுங்குமுறைகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு 15 வேலை நாள்களுக்குள் அறிக்கை தர வேண்டும். அதில் நிறைவு இல்லையெனில் 15 நாள்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். பகுதிநேரப் படிப்பு, சான்றிதழ்ப் படிப்பு என்ற காரணத்தால் எந்த மாணவரும் இதற்கு வெளியே நிற்கக் கூடாது. குழு உறுப்பினர் பட்டியலும் மனு கொடுக்கும் வழியும் வகுப்பறைதோறும் ஒட்டப்பட வேண்டும். அசல் சான்றிதழ்களை நிறுத்தி வைப்பதும் முறையிடத்தக்க குறை என்பதை அந்த அறிவிப்பில் சேர்க்க வேண்டும்.

கோரிக்கை 10: ஆசிரியர் நியமனம்

இப்படிப்புகள் பெரும்பாலும் கௌரவ விரிவுரையாளர்களையும் தொழில்துறையிலிருந்து வரும் பயிற்றுநர்களையும் நம்பி நடக்கின்றன. வகுப்பு தொடங்கிய பிறகு அவர்களை நியமித்தால், மேலே கேட்ட எதையும் அவர்களால் நிறைவேற்ற இயலாது. பருவம் தொடங்குமுன் நியமனமும், மாதந்தோறும் ஊதியமும், மாணவரைச் சந்திக்கும் நேரத்துக்கும் உரிய படியும் அவர்களுக்குத் தர வேண்டும். ஆசிரியரின் நலம் எங்கள் பிள்ளைகளின் நலத்தோடு சேர்ந்தது.

எங்கள் உறுதிமொழி

கேட்பதோடு நின்றுவிட எங்களுக்கு விருப்பமில்லை. விதித் தாள் கிடைத்தால் பெற்றோரும் மாணவரும் அதைப் படித்துக் கையொப்பமிட்டுத் தருவோம். நேரத்துக்கு வருவது, பாடப் பொருளோடு வருவது, வகுப்பில் பிறர் பேசும்போது செவிமடுப்பது, ஆசிரியரை மரியாதையோடு விளிப்பது ஆகியவற்றைப் பிள்ளைகளிடம் வலியுறுத்துவோம். மூத்த மாணவர் துணையுடன் புதியவர்களுக்கு விதிகளை விளக்கும் கூட்டம் நடத்துவோம். தமிழ் வடிவத்தைத் தயாரிக்கும் பணியில் ஊதியமின்றி உதவவும் எங்களில் படித்தவர்கள் முன்வந்துள்ளனர்.

மேற்கண்டவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் புதிய சட்டமோ பெரும் நிதியோ தேவையில்லை. ஒழுங்குமுறைகள் பல ஏற்கெனவே நடைமுறையில் உள்ளன. அவற்றைச் சமுதாயக் கல்லூரி வகுப்பறைக்குக் கொண்டு சேர்க்கும் ஒரு சுற்றறிக்கையே தேவை. அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கைக்கு முன் அதனை வெளியிடுமாறும், இப்பொருள் குறித்து எர்ணாகுளத்தில் மாணவர், ஆசிரியர், பெற்றோர் கலந்துகொள்ளும் ஆலோசனைக் கூட்டம் ஒன்றைக் கூட்டுமாறும், இம்மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையை எங்களுக்குத் தமிழில் தெரிவிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் சங்க உறுப்பினர்கள்

இடம்: கலூர், கொச்சி.