சேலத்துக்கு ஜெட் வேணுமா? முதல்ல மைலேஜ் கணக்கைப் பார்ப்போம்!

நாமக்கல்லில் லாரி வாங்குபவர் ‘வண்டி எவ்வளவு வேகம் போகும்?’ என்று கேட்பதில்லை. ‘லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கும்?’ என்பதுதான் முதல் கேள்வி. ஆனால் பேச்சு சேலம் விமான நிலையத்துக்கு வந்தால் மட்டும் அந்தக் கேள்வி காணாமல் போய்விடுகிறது. ‘இன்னும் ஃபேன் வெச்ச பிளேன்தானா? ஜெட் எப்போ வரும்?’ என்கிறார்கள்.

அந்த ‘ஃபேன் வெச்ச பிளேன்’ பெயர் ஏடிஆர் 72. எழுபது பேருக்கு மேல் உட்காரலாம். 2009-ல் கிங்ஃபிஷர், 2018-ல் ட்ரூஜெட், 2023 அக்டோபரில் இண்டிகோ என்று காமலாபுரத்தில் கம்பெனிகள் மாறின, விமானம் மாறவில்லை.

காரணம் எளிது. விமானம் முன்னே போக, காற்றைப் பின்னே தள்ள வேண்டும். கொஞ்சம் காற்றைப் படுவேகமாகத் தள்ளலாம். நிறைய காற்றை நிதானமாகவும் தள்ளலாம். உந்துவிசை ஒன்றுதான் என்றாலும், முதல் வழியில் ஆற்றலில் பெரும்பங்கு சீறிப்போகும் காற்றோடு வீணாகிறது. ஏடிஆரின் புரொப்பல்லர் கிட்டத்தட்ட 4 மீட்டர் விட்டம் கொண்டது, ஆறு பிளேடுகள். புது ஜெட் என்ஜின்களின் முன்விசிறி பெரிதாகிக்கொண்டே போவதும் இதே காரணத்தால்தான்!

இதே அளவு ஜெட்டைவிட 40 சதவீதத்துக்கும் மேல் எரிபொருள் மிச்சம் என்கிறது ஏடிஆர் நிறுவனம். விற்பவர் சொல்லும் கணக்கு, கொஞ்சம் கழித்துக்கொள்வோம். கழித்தாலும் பெரிய தொகைதான்.

சரி, வேகம்? ஏடிஆர் மணிக்குச் சுமார் 500 கி.மீ., ஏர்பஸ் ஏ320 சுமார் 830. ஆனால் சென்னை–சேலம் வான்வழி தூரமே சுமார் 265 கி.மீ.தான். வழி முழுக்க உச்ச வேகத்தில் பறந்தாலும் ஜெட்டுக்கு மிச்சமாவது 13 நிமிஷம். ஏறி இறங்கவே பாதி தூரம் போய்விடும் என்பதால், நிஜத்தில் அதுவும் கிடைக்காது. நாமக்கல்காரர்கள் காமலாபுரம் வந்து சேரவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறதே!

இந்த 13 நிமிஷத்துக்கு விலை இருக்கிறது. இங்குள்ள ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். ஏடிஆருக்கு இது தாராளம்; ஆள் நிறைந்த ஏ320-க்குப் போதாது. விரிவாக்கத்துக்குச் சுமார் 570 ஏக்கர் கேட்கப்பட்டபோது, 2018-ல் பொட்டியபுரம், தும்பிப்பாடி, சிக்கனம்பட்டி, காமலாபுரம் விவசாயிகள் எதிர்த்து நின்றார்கள். டெல்லிக்கு நேரடி விமானம் வேண்டுமென்றால் ஜெட்தான் சரி, மறுக்கவில்லை. ஆனால் சென்னை, பெங்களூரு, கொச்சி, ஹைதராபாத்துக்கு எதற்கு?

பணம் செலவழிக்க வேறு நல்ல இடம் இருக்கிறது. இஸ்ரோவும் விமான நிலையங்கள் ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ‘ககன்’, ஜிபிஎஸ் சிக்னலில் உள்ள பிழையைச் செயற்கைக்கோள் வழியாகத் திருத்தித் தருகிறது. ஓடுபாதை ஓரத்தில் விலை உயர்ந்த ஐ.எல்.எஸ். கருவிகள் இல்லாமலே, மேகமூட்டத்திலும் விமானம் சரியான சரிவில் இறங்கி வர இது வழிகாட்டும். இந்தியாவில் முதன்முதலாக 2022 ஏப்ரல் 28-ல் ராஜஸ்தானின் கிஷன்கர் விமான நிலையத்தில் இப்படி இறங்கியது இண்டிகோவின் ஏடிஆர் 72. நம்ம ஊருக்கு வரும் அதே ரகம்!

இறங்க முடியாமல் வட்டமடித்து வேறு ஊருக்குத் திரும்பும் விமானம் வீணடிக்கும் எரிபொருளை எந்தப் புது என்ஜினும் மீட்டுத் தராது. அடுத்த முறை ஓடுபாதை நீளம் பற்றி எம்.பி. பேசினால், காமலாபுரத்தில் எத்தனை விமானங்கள் ககன் வழியில் இறங்குகின்றன என்று கேளுங்கள்.