ஏரிக்கரைக்கு வீக் எண்ட் ட்ரிப்: அழகு சரி... ஆழம் தெரியுமா? கரை யாருக்குச் சொந்தம்?

மழை நின்று ஏரி கலங்கல் வழியத் தொடங்கினால் போதும், அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை கரையில் பைக்குகள் வரிசை கட்டி நிற்கின்றன. கொஞ்ச தூரம் வாக்கிங், கொஞ்ச நேரம் பறவைகள், கொண்டுவந்த டிபனைப் பிரித்துச் சாப்பிடுவது, நாலு ரீல்ஸ். மால், தியேட்டர் என்று ஆயிரக்கணக்கில் செலவழிப்பதற்கு இது எவ்வளவோ மேல்தான்.

ஆனால், "ஏரியில் குளிக்கச் சென்ற மாணவர்கள் நீரில் மூழ்கி பலி" என்ற செய்தியும் இதே சீசனில்தான் வருகிறது. இன்னொரு பக்கம், கூட்டம் வருகிறதே என்று கரைக்கு டைல்ஸ், செல்ஃபி பாயின்ட், படகு சவாரி என்று திட்டங்கள் போடுகிறார்கள். ஏரி என்பது பூங்காவா, பாசனக் கட்டமைப்பா? சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் என்ன தெரிந்துகொள்ள வேண்டும்? பார்க்கலாம்.

புதுப் பழக்கமா இது?

இல்லவே இல்லை. ஆடிப்பெருக்குக்கும் காணும் பொங்கலுக்கும் கட்டுச்சோறு கட்டிக்கொண்டு நீர்நிலைக்குப் போவது நம்ம ஊர் வழக்கம். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' கதையே ஆடிப் பதினெட்டாம் நாளில், வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதில்தான் தொடங்குகிறது. இன்றைய வீராணம் ஏரிதான் அது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் பக்கம் இருக்கிறது. சென்னைக்குக் குடிநீரும் தருகிறது.

மாறியிருப்பது வேறொன்று. முன்பு கரைக்குப் போனவர்கள் அந்த ஊர்க்காரர்கள். எங்கே பள்ளம், எங்கே சேறு, எந்த மடை திறந்திருக்கிறது என்று கூட்டத்தில் யாராவது ஒருவருக்குத் தெரிந்திருக்கும். இப்போது கூகுள் மேப் பார்த்து 40 கிலோமீட்டர் தள்ளியிருந்து வருகிறார்கள். மேப்பில் ஏரி நீல நிறத்தில் தெரியும். ஆழம் தெரியாது.

ஒரு லட்சம் நீர்நிலைகள்

மத்திய ஜல் சக்தி அமைச்சகம் 2023-ல் வெளியிட்ட நாட்டின் முதல் நீர்நிலைகள் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மொத்தம் 24 லட்சத்துக்கும் அதிகமான நீர்நிலைகள் உள்ளன. அதில் தமிழ்நாட்டில் மட்டும் 1 லட்சத்துக்கும் மேல். சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களான ராம்சர் தளங்களிலும் 20 இடங்களுடன் தமிழ்நாடுதான் முதலிடம். 2025 பிப்ரவரியில் ராமநாதபுரம் மாவட்டத்தின் சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் பறவைகள் சரணாலயங்கள் பட்டியலில் சேர்ந்தன. திருப்பூர் நஞ்சராயன் குளம் அதற்கு முந்தைய ஆண்டே இடம்பிடித்தது. அதாவது, உங்க வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் பார்க்கத் தகுந்த ஒரு ஏரி நிச்சயம் இருக்கும். ஊட்டி வரை போகணும்னு அவசியமே இல்லை.

ஏரி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது?

இதைத் தெரிந்துகொண்டால் பாதி ஆபத்து குறையும். நம்ம ஏரிகளில் பெரும்பாலானவை இயற்கையாக உண்டானவை அல்ல. சரிவான நிலத்தில், தாழ்வான பக்கத்தில் பிறை வடிவில் மண்கரை எழுப்பி, ஓடிவரும் மழைநீரைத் தடுத்து நிறுத்தியிருக்கிறார்கள். அதனால் ஏரியின் ஆழம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. வரத்துக்கால் வந்து சேரும் பக்கம் கணுக்கால் அளவுதான் தண்ணீர். நாம் வாக்கிங் போகும் கரையை ஒட்டிய பக்கம்தான் ஆழம் அதிகம். கடற்கரையில் போல ஓரத்தில் ஆழம் குறைவாக இருக்கும் என்று நினைத்துக் காலை வைப்பதுதான் முதல் தப்பு.

மதகு அதைவிட ஆபத்து. வயலுக்குத் தண்ணீர் விட மதகைத் திறந்திருக்கும்போது, மேலே தண்ணீர் சலனமே இல்லாமல் இருக்கும். கீழே இழுப்பு இருக்கும். நன்றாக நீச்சல் தெரிந்தவர்களே அங்கே இறங்கத் தயங்குவார்கள். கலங்கல் என்பது ஏரி நிரம்பிய பிறகு உபரி நீர் வெளியேறும் இடம். குட்டி அருவி போல அழகாகத்தான் இருக்கும். பாசி படிந்த அந்தத் தளத்தில் நின்றுதான் பெரும்பாலான வீடியோக்கள் எடுக்கப்படுகின்றன என்பதுதான் வேதனை.

மூன்றாவது, மண் எடுத்த பள்ளம். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் ஏரியில் வண்டல் எடுப்பது காலம் காலமாக நடப்பது, ஏரிக்கும் நல்லது. இதற்கு வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம் என்று 2024-ல் தமிழ்நாடு அரசு விதியை எளிமையாக்கியது. வண்டலைப் பரவலாக, மேலாக எடுத்தால் பிரச்னை இல்லை. இயந்திரத்தை இறக்கி ஒரே இடத்தில் கிணறு போலத் தோண்டும்போதுதான் சிக்கல். கோடையில் அது கண்ணுக்குத் தெரியும் பள்ளம். மழைக்குப் பிறகு மேலே சமமாகத் தண்ணீர் நிற்கும். முழங்கால் அளவு தண்ணீரில் நடந்துபோகிறவர் அடுத்த அடியில் மூழ்கிவிடுவார்.

ஒருவர் மூழ்கினால் ஏன் நான்கு பேர் இறக்கிறார்கள்?

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022-ல் மட்டும் இந்தியாவில் நீரில் மூழ்கி 38,000-க்கும் அதிகமானோர் உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூன் மாதம், கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பம் அருகே கெடிலம் ஆற்றின் தடுப்பணையில் குளிக்கப் போன 7 பேர் இறந்தார்கள். எல்லோரும் சிறுமிகளும் இளம்பெண்களும். 2023 பிப்ரவரியில், விளையாட்டுப் போட்டிக்காக வந்த புதுக்கோட்டை மாவட்டப் பள்ளி மாணவிகள் 4 பேர் கரூர் மாவட்டம் மாயனூர் அருகே காவிரியில் மூழ்கினர். ஆறானாலும் ஏரியானாலும் இதுபோன்ற விபத்துகளில் திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒன்றைத்தான்: ஒருவர் தடுமாறுகிறார், காப்பாற்ற அடுத்தவர் இறங்குகிறார், அவரைக் காப்பாற்ற இன்னொருவர்.

மூழ்குகிறவர் பயத்தில் கையில் கிடைத்ததைப் பிடித்து அமுக்குவார். அது அவர் குணம் இல்லை, உடம்பின் இயல்பு. அதனால் நீங்க இறங்காதீங்க. கயிறு, சேலை, துப்பட்டா, நீளமான கம்பு, மூடி இறுக்கிய காலி கேன்... எது கையில் இருக்கோ அதை நீட்டுங்க அல்லது வீசுங்க. சத்தம் போட்டு ஊர்க்காரர்களைக் கூப்பிடுங்க. 101 அல்லது 112-க்கு அழையுங்க.

சரி, இது யார் இடம்?

40 ஹெக்டேர், அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத்துறையின் கட்டுப்பாட்டில் வரும். அதற்குக் குறைவானவை ஊராட்சி ஒன்றியம், ஊராட்சி பொறுப்பில். தண்ணீரை நம்பியிருப்பது ஆயக்கட்டு விவசாயிகள். மீன் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் வேறொருவர். ஆடு மாடு மேய்ப்பவர்களுக்கு இது தினசரித் தடம். இவ்வளவு பேர் புழங்கும் இடத்துக்குத்தான் நாம் "யாருமே இல்லாத அமைதியான ஸ்பாட்" என்று பெயர் வைக்கிறோம்!

கரையில் கார் ஓட்டாதீங்க என்று உள்ளூர்க்காரர் சொன்னால் அது முரட்டுத்தனம் இல்லை. மழையில் ஊறிய மண்கரையில் சக்கரத்தடம் விழுந்தால் அதில் தண்ணீர் தேங்கும், கரை இளகும். பனைமரங்களை வரிசையாக நட்டு வைத்திருப்பதே அந்த மண்ணைப் பிடித்து நிறுத்தத்தான். பாட்டில் விவகாரம் தனிக்கதை. உடைந்த கண்ணாடி முதலில் கிழிப்பது நாற்று நடுகிறவர்களின் காலையும் மாட்டின் குளம்பையும்தான். காலி மதுபாட்டிலைத் திருப்பித் தந்தால் 10 ரூபாய் என்ற திட்டம் 2022-ல் நீலகிரியில் தொடங்கியதன் காரணமும் இதுபோன்ற புகார்களே.

சட்டத்தில் இருக்கும் ஓட்டை

இங்கேதான் பலருக்கும் தெரியாத விஷயம் இருக்கிறது. ஈரநிலங்கள் (பாதுகாப்பு மற்றும் மேலாண்மை) விதிகள், 2017 என்று ஒரு மத்திய அரசு விதி உள்ளது. ஈரநிலத்தை ஆக்கிரமிக்கக் கூடாது, குப்பை கொட்டக் கூடாது, அதிகபட்ச வெள்ள மட்டத்தின் சராசரியிலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டுமானம் கூடாது என்று அது சொல்கிறது. கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? ஆனால், பாசனத்துக்காகவும் குடிநீருக்காகவும் மனிதர்கள் உருவாக்கிய நீர்நிலைகளை அதே விதி 'ஈரநிலம்' என்ற வரையறையிலிருந்தே விலக்கி வைக்கிறது. தமிழ்நாட்டின் ஏரிகளில் பெரும்பாலானவை பாசனத்துக்காக வெட்டப்பட்டவை. ஆக, ராம்சர் பட்டியலிலோ சரணாலயப் பட்டியலிலோ இடம்பெறாத சாதாரண ஊர் ஏரிக்கு அந்த 50 மீட்டர் பாதுகாப்பு தானாகக் கிடைக்காது.

மாநிலத்தில் 2007-ம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம் இருக்கிறது. அது முக்கியமாகத் தனியார் ஆக்கிரமிப்பை அகற்றுவதற்கானது. அரசே "மேம்பாடு" என்ற பெயரில் கட்டும் நடைபாதையை என்ன செய்வது?

கோவையில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம் உள்ளிட்ட குளங்கள் அழகுபடுத்தப்பட்டபோது எழுந்த விவாதம் இதுதான். மாலை நேரத்தில் குடும்பம் குடும்பமாக மக்கள் வருகிறார்கள், அதை மறுக்க முடியாது. அதே நேரம், கரையை அகலமாக்கிக் கான்கிரீட் போட்டால் நீர்பரப்பு குறையும், கரையோரச் செடிகொடிகளை நம்பியிருக்கும் பறவைகள் விலகும் என்று சூழலியல் ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். நகரத்துக்குள் இருக்கும் குளத்துக்கு ஓரளவு சமரசம் தேவைப்படலாம். கிராமத்து ஏரிக்கு அதே டிசைனைத் தூக்கிக்கொண்டு போவது வீண் செலவு. நடக்க மண்கரையே போதும். வைக்க வேண்டியது ஆழம் எவ்வளவு என்று சொல்லும் பலகையும், மதகு அருகே ஒரு கயிறும் மிதவையும். அலங்கார வளைவுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் இதற்கு ஆகும்.

பட்டாசு வெடிக்காத ஊர்கள்

சிவகங்கை மாவட்டம் திருப்பத்தூர் அருகே வேட்டங்குடி, கொள்ளுகுடிப்பட்டி. கண்மாயில் கூடு கட்டும் பறவைகள் மிரளக் கூடாது என்று இங்கே தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலில், பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர் மக்கள் கேட்டு 1798-லேயே ஆட்சியரிடம் உத்தரவு வாங்கினார்கள். இதில் பறவைப் பாசம் மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம். நத்தைக்குத்தி நாரை, கூழைக்கடா, கரண்டிவாயன் எல்லாம் அந்த விவசாயிகளுக்கு வேண்டப்பட்ட விருந்தாளிகள்.

அங்கே போகிறவர்கள் ட்ரோன் பறக்கவிடுவதும் ஸ்பீக்கரில் பாட்டு போடுவதும் எப்படித் தெரியும் என்று யோசித்துப் பாருங்க. பெரிய பறவை ஒருமுறை கூட்டை விட்டு எழுந்தால், முட்டையும் குஞ்சும் வெயிலுக்கும் காகத்துக்கும் இரை.

போவதற்கு நல்ல நேரம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை, காலை 6 முதல் 9 மணி. கால் முழுக்க மூடும் செருப்போ ஷூவோ போடுங்க, புதர் ஓரத்தில் பாம்பு இருக்கும். குழந்தைகள் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். போனதும் மேய்ச்சலில் இருக்கும் யாரிடமாவது, "அண்ணே, எந்தப் பக்கம் பள்ளம்?" என்று ஒரு வார்த்தை கேளுங்க.

உங்க ஊர் ஏரியிலேயே எச்சரிக்கைப் பலகை இல்லையா? கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவரலாம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களுடன், உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22, உள்ளாட்சி தினமான நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை கூட்டம் உண்டு. ஏரி நீர்வளத்துறையுடையது என்றாலும், ஊராட்சித் தீர்மானத்தின் நகலோடு உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.