இரண்டு கட்சி, ஒரே கல்லா



புதுப் போன்கள் வெளிவரும் பருவம் வந்தாலே எங்களுக்கு வரும் கடிதங்களின் சுருதி மாறிவிடுகிறது. சிறுகதையைப் பாராட்டி நாலு பத்தி எழுதுகிறவர்கள்கூடக் கடைசியில் ஒரு வரியைச் செருகிவிடுகிறார்கள்: 'பையன் ஐபோன்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான். அந்தக் காசுக்கு சாம்சங்கிலேயே பெரியதாக வாங்கலாம் என்கிறார் இவர். நீங்கள் சொன்னால் இரண்டு பேரும் கேட்பார்கள்.' நாங்கள் சொன்னால் யார் கேட்கிறார்கள்! குடும்பப் பஞ்சாயத்தில் மூக்கை நுழைப்பதில்லை என்பது எங்கள் ஆசிரியர் குழுவின் எழுதாத விதி. ஆனால் விவகாரம் லட்சத்தைத் தாண்டிவிட்டதால் இந்த மாதம் விதியைக் கொஞ்சம் தளர்த்துகிறேன்.

அலுவலகத்திலேயே இரண்டு கட்சிகள் உண்டு. பக்க வடிவமைப்பாளர் கையில் ஐபோன். மெய்ப்புத் திருத்துபவர் கையில் ஆண்ட்ராய்டு. இரண்டு ஐபோன்களுக்கு நடுவே ஏர்டிராப்பில் படம் கண்மூடித் திறப்பதற்குள் போய்விடும். இரண்டு ஆண்ட்ராய்டுகளுக்கு நடுவே குயிக் ஷேர் அதே வேலையைச் செய்யும். ஒரே மேசையின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு அட்டைப்படம் போக வேண்டும் என்றால்தான் வில்லங்கம். அது வாட்ஸ்அப்பில் ஏறி, எங்கோ இருக்கும் சர்வரைச் சுற்றி, கூர்மையெல்லாம் தேய்ந்து வந்து சேரும். "போட்டோவா அனுப்பாதீங்கண்ணே, டாக்குமென்ட்டா அனுப்புங்க" என்ற குரல், இதழ் முடிக்கும் இரவுகளில் ஓயாது. இந்தச் சுவர் தொழில்நுட்பப் போதாமையால் எழுந்தது அல்ல, வியாபாரத்துக்காக எழுப்பியது. வேடிக்கை என்னவென்றால், சுவரைக் கட்டியவர்கள் மட்டும் பின்வாசல் வழியாகத் தாராளமாகப் போய்வந்துகொண்டிருக்கிறார்கள்.

2007 ஜனவரி 9 அன்று ஸ்டீவ் ஜாப்ஸ் சான் ஃபிரான்சிஸ்கோ மேடையில் முதல் ஐபோனைக் காட்டியபோது, ஆண்ட்ராய்டு ஏற்கெனவே உருவாகிக்கொண்டிருந்தது. ஆண்டி ரூபினும் கூட்டாளிகளும் 2003-இல் தொடங்கிய சின்ன நிறுவனத்தை கூகுள் 2005-இல் வாங்கியிருந்தது. அவர்கள் செய்துகொண்டிருந்த மாதிரி, பிளாக்பெர்ரி சாயலில் திரைக்குக் கீழே பொத்தான் வரிசையோடு இருந்தது. ஐபோனைப் பார்த்ததும் அதை ஓரங்கட்டிவிட்டுத் தொடுதிரைப் பக்கம் திரும்பினார்கள். 2008 செப்டம்பரில் அறிமுகமான எச்டிசி தயாரிப்புதான் கடைக்கு வந்த முதல் ஆண்ட்ராய்டு போன்.

ஆப்பிளும் லேசுப்பட்டதல்ல. முதல் ஐபோனில் காப்பி-பேஸ்ட் கிடையாது, வீடியோ எடுக்க முடியாது, 3ஜியும் கிடையாது. 2008 ஆகஸ்டில் இந்தியாவுக்கு வந்த ஐபோன் 3ஜியின் விலை 31,000 ரூபாய். அதிலும் காப்பி-பேஸ்ட் வர அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. திரையின் மேலிருந்து அறிவிப்புகளை இழுத்து இறக்குவது முதலில் ஆண்ட்ராய்டில் வந்தது, 2011-இல் ஐபோனுக்குப் போனது. முகப்புத் திரையில் விட்ஜெட் வைப்பது ஆண்ட்ராய்டில் பழைய சங்கதி, ஐபோன்காரர்களுக்கு 2020-இல் கிடைத்தது. பதிலுக்கு, பொத்தானே இல்லாமல் அடியிலிருந்து தள்ளி வெளியேறும் ஐபோன் பழக்கத்தை ஆண்ட்ராய்டு எடுத்துக்கொண்டது. யார் யாரைப் பார்த்து எழுதினார்கள் என்று இன்று விடைத்தாள் திருத்த உட்கார்ந்தால் விடிந்துவிடும்.

நீதிமன்றம் அதற்கும் உட்கார்ந்தது. எங்கள் போனை அச்சடித்தாற்போல் நகலெடுத்துவிட்டார்கள் என்று ஆப்பிள் 2011-இல் சாம்சங் மீது வழக்குப் போட்டது. 2012-இல் அமெரிக்க ஜூரிகள் 100 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு என்றார்கள். மேல்முறையீடு, மறுவிசாரணை என்று இழுத்து 2018-இல்தான் சமரசம் ஆனது. இதற்கு நடுவில், 2017-இல், ஆப்பிள் தன் பத்தாம் ஆண்டுப் பெருமையாக ஐபோன் எக்ஸை வெளியிட்டது. அதன் பளபளக்கும் ஓஎல்இடி திரையைச் செய்து கொடுத்தது யார்? சாம்சங். முதல் ஐபோனின் மூளையான சிப்பைச் செய்ததும் அதே சாம்சங்தான்.

கூகுள் கதை இன்னும் ருசியானது. ஐபோனில் சஃபாரியைத் திறந்து எதையாவது தேடினால் கூகுள் வருகிறது அல்லவா? அந்த இடத்துக்காக கூகுள் ஆப்பிளுக்கு 2022-ஆம் வருஷத்துக்கு மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்தது. இது அமெரிக்க அரசு கூகுள் மீது தொடுத்த ஏகபோக வழக்கில் வெளிவந்த கணக்கு. பரம எதிரி என்று நம் வீட்டுப் பிள்ளைகள் நினைக்கிற இரண்டு நிறுவனங்களுக்கு நடுவே போகிற பணம் இது. நான் இதைச் சொன்னதும் மெய்ப்புத் திருத்துபவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அப்ப இத்தனை நாளா நாங்க எதுக்கு சார் சண்டை போட்டோம்?" என்றார். வடிவமைப்பாளர் தலையை நிமிர்த்தவே இல்லை.

உண்மையான எதிரிகளாக இருந்தவர்கள் களத்திலேயே இல்லை. நோக்கியாவின் சிம்பியான், பிளாக்பெர்ரி, பாமின் வெப்ஓஎஸ், விண்டோஸ் போன் என்று நல்ல நல்ல மென்பொருள்கள் வரிசையாகப் போய்ச் சேர்ந்தன. நம் ஊர்க்காரர்களுக்கு இதில் நோக்கியாவின் முடிவு வெறும் செய்தி அல்ல. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் தொடங்கிய அதன் ஆலையை நம்பி எத்தனையோ வீடுகளில் வீட்டுக்கடன் வாங்கினார்கள். நோக்கியாவின் போன் பிரிவை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் எடுத்துக்கொண்டது. வரித் தகராறில் சிக்கியிருந்த இந்த ஆலை மட்டும் அந்தக் கைமாற்றத்தில் சேராமல் தனியாக நின்று, அதே வருஷம் நவம்பரில் மூடப்பட்டது. விண்டோஸ் போனில் என்ன குறை? வேகமாகத்தான் இருந்தது, அழகாகவும் இருந்தது. ஆப்தான் இல்லை. ஆப் இல்லாததால் ஆள் வரவில்லை, ஆள் வராததால் ஆப் எழுதவில்லை. அந்தச் சுழலில் மைக்ரோசாஃப்டின் பணமே மூழ்கிவிட்டது.

இன்று அதே ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஃபாக்ஸ்கான் ஆலை ஐபோன்களைச் சேர்த்துக் கட்டுகிறது. வேலை செய்கிறவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் பலர் மருத்துவமனைக்குப் போக, மற்றவர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. போன்களை ஒப்பிட்டுப் போடும் எந்த அட்டவணையிலும் இதற்கு ஒரு கட்டம் ஒதுக்கி நான் பார்த்ததில்லை.

சரி, எதை வாங்குவது என்றுதானே கேட்டீர்கள்? பெட்டிக்குள் இருக்கிற சாமானை வைத்துப் பார்த்தால், உச்சி விலைப் போன்களுக்குள் இப்போது பெரிய ஏற்றத்தாழ்வு இல்லை. கேலக்ஸி எஸ்25 அல்ட்ராவின் விலை வெளியானபோது 1,29,999 ரூபாய், ஐபோன் 17 ப்ரோ 1,34,900. வீடியோ எடுப்பதில் ஐபோன் இன்னமும் நம்பகமானது என்பது என் எண்ணம். தூரத்துக் கோபுரத்தை இழுத்துப் பிடிப்பதிலும், பேனாவால் திரையில் கிறுக்குவதிலும் சாம்சங்கை அடித்துக்கொள்ள முடியாது. மங்கல் வெளிச்சத்தில் மனிதத் தோலின் நிறத்தைக் கெடுக்காமல் எடுக்க வேண்டுமா, கூகுளின் பிக்சலைப் பாருங்கள். விளம்பரத்தில் வரும் 200 மெகாபிக்சலைப் பார்த்து மட்டும் மயங்காதீர்கள். அமைப்பை நீங்களாக மாற்றாதவரை அந்தப் போன் பதினாறு புள்ளிகளை ஒன்றாகச் சேர்த்து 12 மெகாபிக்சல் படமாகத்தான் கொடுக்கும். அதில் தப்பும் இல்லை, இருட்டில் வெளிச்சம் சேர்க்க அதுதான் வழி. ஆனால் கடைக்காரர் அதைச் சொல்லமாட்டார்.

பெரிய வேறுபாடு பெட்டிக்கு வெளியே இருக்கிறது. ஆப்பிள் போனை விற்றுச் சம்பாதிக்கிறது, பிறகு அந்தப் போனுக்குள் நடக்கும் விற்பனையில் கமிஷன் எடுக்கிறது. ஆப் ஸ்டோரில் அது வழக்கமாக 30 சதவீதம், சிறு நிறுவனங்களுக்கு 15. ஆண்ட்ராய்டு ஒரே மாவை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்து, தோசையை அவரவர் கல்லில் ஊற்றிக்கொள்ளச் சொல்கிற ஏற்பாடு. சாம்சங் ஒரு மாதிரி ஊற்றும், ஷாவ்மி வேறு மாதிரி. மாவு இலவசம்தான், ஆனால் தேடல் பெட்டி, குரோம், யூடியூப், பிளே ஸ்டோர் எல்லாம் நம் நாட்டில் 2023 வரை ஒரே கட்டாகத்தான் வந்தன, அவற்றின் வழியே விளம்பர வருமானமும் வரும். அந்தக் கட்டுப்பாடுகளுக்காகத்தான் நம் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஆப்பிள் 2021-இல், ஆப்புகள் நம்மைப் பின்தொடர வேண்டுமானால் முதலில் நம்மிடம் கேட்க வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. அதனால் ஒரே வருஷத்தில் 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம் புலம்பியது. அந்தத் தொகையைப் பார்த்தால்தான் நம் விரல் நகர்வுக்கு என்ன விலை என்று தெரிகிறது.

அடுத்தது ஆயுசு. பத்து வருஷத்துக்கு முன்னால் ஆண்ட்ராய்டு வாங்கினால், இரண்டு அப்டேட் வந்தாலே பெரிய விஷயம். காரணம், கூகுள் வெளியிடும் புதுப் பதிப்பு முதலில் சிப் செய்பவரிடம் போய், பிறகு போன் செய்பவரிடம் போய், ஒவ்வொருவரும் தங்கள் வேலையை முடித்த பிறகே நம் கைக்கு வரும். அதற்குள் அடுத்த மாடலை விற்கிற அவசரம் வந்துவிடும். 2017-இல் ஆண்ட்ராய்டின் அடித்தளத்தைப் பிரித்துக் கட்டியதில் இந்தச் சிக்கல் குறைந்தது. 2023-இல் பிக்சல் 8, 2024 தொடக்கத்தில் கேலக்ஸி எஸ்24, இரண்டுக்கும் ஏழு வருஷ அப்டேட் என்று அறிவித்தார்கள். ஆப்பிளுக்கு இப்படி மேடையேறி வாக்குக் கொடுக்கும் வழக்கம் இல்லை, செய்துகாட்டிவிடும். 2013-இல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியிலும் ஒரு பாதுகாப்பு அப்டேட் வந்தது. நடுத்தர விலை ஆண்ட்ராய்டுகளில் நிலைமை மாடலுக்கு மாடல் மாறும். வாங்குமுன் கடையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'இதற்கு எந்த வருஷம் வரை அப்டேட்?' என்பதுதான். நிறமும் கேமராவும் பிறகு.

எங்கள் தொழில் தமிழ் என்பதால், கடைசியாக அதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஆரம்ப கால ஆண்ட்ராய்டுகளில் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாக வரும், எழுத்துருவே கிடையாது. எழுத்துரு இருந்த சில போன்களிலும் 'கொ' என்று தட்டினால் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிக் கிடக்கும். எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படும் கொம்பை முன்னால் கொண்டுவந்து வரைய வேண்டும் என்ற அறிவு அந்தப் போனுக்குக் கிடையாது. ஓபரா மினியின் அமைப்புப் பக்கத்துக்குள் புகுந்து, எழுத்தைப் படமாக மாற்றி அனுப்பும் வசதியைத் தேடிப்பிடித்துத் தமிழ் படித்தவர்கள் இந்தப் பக்கத்தைப் படித்துச் சிரித்துக்கொள்வார்கள் என்று நம்புகிறேன்.

அதற்கெல்லாம் முன்பே, 2005-இல், மலேசியாவின் முத்து நெடுமாறன் செல்லினத்தைக் கொண்டுவந்து பொத்தான் போன்களில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப வைத்துவிட்டார். ஆப்பிள் கருவிகளில் நாம் பார்க்கும் 'தமிழ் சங்கம் எம்என்' எழுத்துருவும் அவர் ஆக்கியதுதான், அந்த எம்என் அவருடைய பெயரின் முதலெழுத்துகள். 2013-இல் ஐஓஎஸ் 7 வந்தபோது தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகைகளும் ஐபோனுக்குள்ளேயே வந்துவிட்டன. ஆண்ட்ராய்டு தாமதமாக விழித்துக்கொண்டாலும் வேகமாக ஓடி வந்தது. 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழில் பேசியே தட்டெழுதும் வசதியைத் திறந்துவிட்டது. எங்களுக்கு வரும் மின்னஞ்சல் கதைகளில் இப்போது ஒரு பகுதி பேசி எழுதப்பட்டவை. முற்றுப்புள்ளியே இல்லாமல் அரைப்பக்கம் ஓடும் வாக்கியத்தைப் பார்த்தால் மெய்ப்புத் திருத்துபவர் சொல்லிவிடுவார், "இது வாயால எழுதுனது சார்."

அந்த மகனுக்கும் அப்பாவுக்கும் என் தீர்ப்பு இதுதான். வீட்டில் மற்றவர்கள் எந்தப் போன் வைத்திருக்கிறார்களோ அதே கட்சியில் இருப்பது சௌகரியம். ஏற்கெனவே வைத்திருக்கும் போனுக்கு இன்னும் இரண்டு வருஷ அப்டேட் பாக்கி இருந்தால், பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு அந்த லட்சத்தை வங்கியில் போடுங்கள். கட்சி மாறியே தீருவேன் என்றால், பழைய போனை அழிப்பதற்கு முன் வாட்ஸ்அப் உரையாடல்களை மாற்றிக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டில் எடுத்துவைத்த கூகுள் டிரைவ் நகலை ஐபோன் திறக்காது, ஐகிளவுடில் வைத்ததை ஆண்ட்ராய்டும் திறக்காது. இரண்டு போனும் கையில் இருக்கும்போதே நேரடியாக மாற்றினால்தான் உண்டு.

இந்த இதழைப் படித்துவிட்டு எழுதும்போது, எந்தப் போனில், எந்த விசைப்பலகையில் தட்டினீர்கள் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். தமிழ்99 எத்தனை பேர், ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குகிறவர்கள் எத்தனை பேர், பேசியே முடிப்பவர்கள் எத்தனை பேர் என்று அடுத்த இதழில் கணக்குப் போட ஆசை. பேசி எழுதுகிறவர்கள் மட்டும் அனுப்புவதற்கு முன் ஒருமுறை படித்துப் பாருங்கள். மெய்ப்புத் திருத்துபவரின் வேண்டுகோள்.

அன்புடன்,
ஆசிரியர்