வகுப்பு யாருடையது?

வெளிநாட்டுக் கிராமப் பள்ளியில் தன்னார்வமாக ஆங்கிலம் கற்பிக்கப் போகிறவர்கள், என்ன புத்தகம் கொண்டுபோகலாம், என்ன விளையாட்டு நடத்தலாம் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். அந்த ஊர் ஆசிரியர் பள்ளி விட்டபின் என்ன செய்கிறார் என்று கேட்பவர் அரிது. கம்போடியாவுக்குப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

அங்கே பல பள்ளிகளில் ஷிப்ட் முறையில் ஒரு மாணவருக்கு அரை நாள்தான் வகுப்பு. மீதி நேரத்தில் அதே ஆசிரியர் கட்டணம் வாங்கிக்கொண்டு தனிவகுப்பு எடுப்பார். இதை 'ரியன் குவோ' என்பார்கள். சம்பளம் சொற்பமாக இருந்த காலத்தில் வேரூன்றியது. சம்பளம் கூடிய பிறகும் முற்றிலும் விட்டுப்போகவில்லை. பாடத்தின் முக்கியப் பகுதியைக் காசு கொடுப்பவர்களுக்கென்று ஒதுக்கிவைக்கிறார்கள் என்ற புகாரும் பழையது. நியாயமான புகார். ஆனால் புதிதாக வந்த தன்னார்வலர் நல்லெண்ணத்தோடு அதே நேரத்தில் இலவச ஆங்கில வகுப்பைத் தொடங்கினால், முதலில் அடிபடுவது அந்த ஆசிரியரின் பிழைப்பு. அவர் வேறு வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்டால், தன்னார்வலரும் ஊர் திரும்பிய பின் அந்தப் பள்ளியில் ஆங்கிலத்துக்கு ஆள் இருக்காது.

2007 முதல் கம்போடியாவுக்கு ஆள் அனுப்பிய அமெரிக்க அரசின் பீஸ் கோர் அமைப்பு இதில் ஓரளவு விவரமாக நடந்துகொண்டது. அதன் பணிக்காலம் வழக்கமாக 27 மாதம். முதல் மூன்று மாதம் உள்ளூர்க் குடும்பத்தோடு தங்கி மொழி கற்க வேண்டும். பிறகு உள்ளூர் ஆசிரியரோடு சேர்ந்தே வகுப்பு. இதன் பலன் சின்ன விஷயங்களில் தெரியும். 'புக்ஸ்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் கம்போடிய மொழியான கெமர் பேசும் மாணவர் 'புக்' என்று நிறுத்துவார். கெமர் எழுத்தில் சொல்லின் இறுதியில் ஸகரம் இருந்தாலும் வாயில் வருவது ஹகரம்தான். பெயர்ச்சொல்லுக்குப் பன்மை விகுதியும் கட்டாயமில்லை. எந்தப் பிள்ளைக்கு நாக்கு தடுக்குகிறது, எந்தப் பிள்ளைக்கு இலக்கணம் புரியவில்லை என்று பிரித்துச் சொல்ல உள்ளூர் ஆசிரியரால்தான் எளிதாக முடியும்.

ஏட்டில் இருவர் வகுப்பு; நடப்பில், உள்ளூர் ஆசிரியர் பின்பெஞ்சில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவதும் உண்டு. இந்த இருவர் முறைக்கு யாரும் திட்டமிடாத ஒரு தேர்வு 2020 மார்ச்சில் வந்தது. கொரோனா பரவியதும் உலகெங்கும் இருந்த சுமார் 7,000 தன்னார்வலர்களை பீஸ் கோர் திருப்பி அழைத்தது. 1961இல் தொடங்கிய அமைப்பில் அதற்குமுன் அப்படி நடந்ததில்லை. பாதிப் பாடமாவது உள்ளூர் ஆசிரியர் கையில் இருந்த பள்ளியில் ஓர் ஆள் குறைந்திருப்பார். மற்ற இடங்களில் வகுப்பே போயிருக்கும்.

இரண்டு வாரத் தன்னார்வப் பயணங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஒவ்வொரு குழுவும் நிறங்களின் பெயரிலிருந்து மறுபடி தொடங்குகிறது. பிள்ளைகள் அதே பாட்டை மறுபடி பாடுகிறார்கள். இதற்கு ஆள் சேர்க்கும் முகவர்களின் விளம்பரங்கள் நம் இதழுக்கும் வருகின்றன. உள்ளூர் ஆசிரியர் யார், அவருடைய வகுப்பு நேரம் என்ன, தன்னார்வலர் அவரோடு எத்தனை மாதம் பணிபுரிவார் என்ற விவரங்கள் இல்லாத விளம்பரங்களை அடுத்த இதழ் முதல் வெளியிடுவதில்லை என்று ஆசிரியர் குழு முடிவு செய்திருக்கிறது. வருமானம் கொஞ்சம் குறையும், குறையட்டும்.